அப்பாவுக்கு எங்கே சீட்?

கோயம்புத்தூரில் பிறந்த பையனுக்குக் கார் பைத்தியம் பிடிக்கத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. ஊரே காரணம். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடீ கார் மியூசியம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் வரை போன முதல் ஆளான நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். இப்படிப்பட்ட ஊரில், லைசென்ஸ் வாங்கிய நாள் முதல் நான்காவது கியரைத் தாண்டாமல் வாழ்ந்துவருபவன் நான். என் வேகன் ஆரில் ஐந்தாவது கியர் கம்பெனியில் வந்தபடியே புத்தம் புதிதாக இருக்கிறது. விற்கும்போது அதற்குத் தனி விலை கேட்கலாமா என்று யோசித்திருக்கிறேன்.

வண்டியை வாசலிலிருந்து பின்னால் எடுப்பது எங்கள் வீட்டில் ஒரு கூட்டு முயற்சி. மனைவி தெருவில் நின்று, “வரட்டும், வரட்டும், வரட்டும்” என்பாள். அடுத்து வருவது “போச்சு”. இரண்டுக்கும் நடுவில் “நிறுத்துங்க” என்று ஒரு சொல் தமிழில் இருப்பதை அவள் ஏனோ பயன்படுத்துவதில்லை.

இப்பேர்ப்பட்டவன் வீட்டில்தான் பையன் தன் முதல் கார் ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டும் என்றான்.

அவனுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை எனக்குக் கவலை இருக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுதான் அதுவரை எனக்குக் குலதெய்வம். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு அது. வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடையாது. பையன் சாவிப் பக்கம் பார்வையைத் திருப்பினாலே இதை முழுசாக ஒப்பித்துவிடுவேன். “உங்களுக்கு என் மேல பயமா, ஜெயில் மேல பயமா?” என்று ஒருநாள் கேட்டான். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டேன். பிறகு அவனுக்குப் பதினெட்டும் ஆயிற்று, எல் போர்டும் ஆயிற்று, எட்டுப் போட்டு லைசென்ஸும் வந்தது. சட்டம் என்னைக் கைவிட்டது.

அதோடு பணமும் தயாராக இருந்தது. அன்னூர்ப் பக்கத் தோட்டத்தில் என் அம்மாவின் பங்கு விலையான கையோடு, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் கார் என்று பேரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு லட்சம் வரை போகலாம் என்று ஒரு பேச்சு. அம்மாவின் மனதிலிருந்த கார் வெள்ளை நிறம், நாலு கதவு, மேலே சாமான் கட்டக் கேரியர், மருதமலைக்கு எல்லோருமாகப் போய்வர இடம். இதையெல்லாம் வாக்குக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். “கார்” என்று மட்டும் சொல்லிவிட்டார்.

பையன் முதலில் கொண்டுவந்த பெயர் மாஸ்தா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்த, ஹிரோஷிமாவில் செய்கிற இரண்டு சீட்டுத் திறந்த கார். அந்த ரகத்தில் உலகிலேயே அதிகம் விற்றது அதுதான்; 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. “எடை கம்மி, பின்வீல் டிரைவ், ஓட்டக் கத்துக்க இதைவிட நல்ல கார் கிடையாதுங்கப்பா” என்றான். “அதையே வாங்கிடலாம் கண்ணு” என்றேன். வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாஸ்தா கம்பெனி இந்தியாவில் கார் விற்பதில்லை என்பதை முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தேன். என் தாராள குணம் எப்போதுமே விசாரித்த பிறகு வருவதுதான்.

அடுத்து ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 2025-இல் கொஞ்ச எண்ணிக்கையில் இறக்குமதியானது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.9 விநாடியில் தொடுமாம். நான் சீட் பெல்ட் மாட்டிக்கொள்ள அதைவிட நேரமாகும். வந்தபோது கடை விலை 53 லட்சம். வாங்கப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் பம்ப்செட் பாகம் செய்கிற கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் ஒரு தொகையைப் பார்த்தால் சும்மா விடமாட்டான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். 53 லட்சத்துக்குப் பத்தரை லட்சத்துக்கு மேல் வரி மட்டும். அந்த வரிப் பணத்துக்கே ஒரு புது ஸ்விஃப்ட் வாங்கி, மிச்சத்தில் வருஷக்கணக்காகப் பெட்ரோல் போடலாம். இதைப் பேப்பரில் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டு அவனிடம் நீட்டினேன். “நல்லா இருக்குதுங்கப்பா” என்று வாங்கி, பின்பக்கத்தில் சான் ஸ்டார்ம் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தான்.

சான் ஸ்டார்ம் நம் நாட்டிலேயே, கோவாவில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட்டு, ஃபைபர் உடம்பு, உள்ளே ரெனால்ட்டின் 1149 சிசி எஞ்சின், அறுபது குதிரைத் திறன். இப்போது செய்வதில்லை, பழையது எங்காவது கிடைத்தால் உண்டு. அறுபது என்றதும் ஒரு சந்தேகம் வந்து என் வண்டியின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வேகன் ஆரின் எஞ்சின் அதைவிடச் சற்று வலுவானது. அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். ஏன் நிமிர்ந்து நடக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் வந்ததுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது பன்னிரண்டு லட்சத்துக்குள் இருந்தது. பெங்களூர்ப் பதிவு, ஜெர்மன் கார், இரண்டே சீட்டு, பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். வயது பத்துக்கு மேல். பழைய கார் விற்கிற ஒரு கடையில் நின்றது. புதிதில் அரைக் கோடி போன வண்டி இன்றைக்கு ஏன் பன்னிரண்டு லட்சத்துக்கு நிற்கிறது என்று பையன் கேட்கவில்லை. நான் கேட்டேன். “டாக்டர் வண்டிங்கண்ணா” என்றார் கடைக்காரர். நம் நாட்டில் விற்பனைக்கு வருகிற பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டியவை. அந்த டாக்டர்கள் நோயாளிகளை எப்போது பார்த்தார்கள் என்பது ஒரு மர்மம்.

அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். பையனைக் கடைக்காரர் “சார்” என்றார், என்னை “அண்ணா” என்றார். “சார், நீங்க உள்ள உக்காந்து பாருங்க. அண்ணா, நீங்க அந்தச் சேர்ல இருங்க, டீ வரும்.” யாருடைய டிரைவர் என்று நினைத்தாரோ. வீம்புக்கு நானும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

அன்று நான் வேட்டி கட்டியிருந்தேன். அந்தக் காரின் சீட் என் முழங்காலுக்கும் கீழே இருந்தது. உட்காருவதில் சிரமமே இல்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு நாமாக உட்கார வேண்டியதில்லை, விழுந்துவிடுகிறோம். இறங்குவதுதான். வலது காலை வெளியே வைத்தேன். இடது கால் வர மறுத்தது. இடது காலை இழுத்தேன். வேட்டி கியர் கம்பியில் மாட்டியது. கடைக்காரர் ஒரு கையையும் பையன் ஒரு கையையும் பிடித்து என்னை மீட்டார்கள். டீ கொண்டுவந்த பெண், “பெரியவருக்குத் தண்ணி கொடுங்க” என்றார். அண்ணா என்பதே பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணுமாக்கும்? அதுக்கு இந்தத் திண்ணையே போதுமே சாமி” என்றார். கட்சி என் பக்கம் சாய்கிறது என்று குளிர்ந்துபோனேன். உடனே, “ஆனா சொன்ன வாக்கு வாக்குத்தான். அவன் கேக்கறத வாங்கிக் குடு” என்று முடித்தார்.

ஆகவே நேரடி விவாதத்தில் இறங்கினேன்.

முதலில் ரோடு. இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, மெதுவாகச் சரிந்து ஏறி இறங்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது யாரோ வீடு கட்டி மிஞ்சிய கலவையைக் கொட்டி எழுப்பியது. அதன் உயரம் எந்தக் காங்கிரஸுக்கும் கட்டுப்பட்டதல்ல. ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நாலைந்து விரல் இடம்தான். “குறுக்கால சாச்சு ஏத்தோணும்ப்பா” என்றான் பையன். குறுக்கே சாய்த்து ஏற்ற எங்கள் தெருவில் அகலம் கிடையாது. இருந்த அகலத்தில் என் வேகன் ஆர் நிற்கிறது.

அடுத்து வேகம். நூறு கிலோமீட்டரில் போகிற கார் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. இரண்டு விநாடி செல்போனைப் பார்த்தால் 56 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதாக அர்த்தம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகும். மழையில் பின்வீல் டிரைவ் வண்டியில் வளைவில் ஆக்சிலேட்டரை அமுத்தினால் பின்பக்கம் முன்பக்கத்தைப் பார்க்க வரும். எல்லாம் படித்துத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, நான்கு வழிச் சாலையில் 100, எக்ஸ்பிரஸ் சாலையிலேயே 120-தான் உச்சம் என்ற 2018 அறிவிப்பையும் சேர்த்துக்கொண்டேன். “லாலி ரோட்டுல காலைல எட்டரை மணிக்கு 250-ல போற வண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?” என்று கேட்டு நிறுத்தினேன். கைதட்டல் வரவில்லை.

பையன் நிதானமாகப் பேசினான். அவன் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் வருத்தம். தாழ்வான காருக்குப் புவியீர்ப்பு மையம் தாழ்வு, வளைவில் லேசில் கவிழாது. பிரேக் பெரிசு, டயர் அகலம். “உங்க வேகன் ஆர் உசரமா, ஒல்லியா இருக்குது. எது சேஃப்?” அதோடு விடவில்லை. “அமெரிக்காவுல நிறைய மாநிலத்துல புதுசா லைசென்ஸ் வாங்கின பசங்க ஃப்ரெண்ட்ஸ ஏத்தக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்குது, தெரியுமுங்களா? கூட்டம் ஏற ஏறத்தான் ஆக்சிடென்ட். ரெண்டு சீட்டு வண்டில ஒருத்தன்தான் ஏற முடியும். அப்ப இதுதானே பாதுகாப்பு?”

உண்மை. அங்கே அப்படித்தான் விதி. ஸ்போர்ட்ஸ் காரைத் தகப்பனுக்கு விற்க இதைவிடச் சிறந்த வாதத்தை எந்த விளம்பரக் கம்பெனியும் யோசித்ததில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இதுதான்: “அப்ப நான் எங்க உக்காருவேன்?”

வீடு அமைதியாயிற்று. இத்தனை நாள் தரையிடைவெளி, சாலைவரி, பிரேக் தூரம் என்று நான் பேசியதெல்லாம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். பையன் ஓட்டினால் பக்கத்து சீட் அவன் அம்மாவுக்கு. அவள் இல்லாவிட்டால் அப்பத்தாவுக்கு. அப்பத்தா இறங்கினால் தங்கச்சி ஏறுவாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் ஆரம்பம் முதல் அண்ணன் கட்சி. இந்த வரிசையில் நான் ஐந்தாவது. என் காரில் ஐந்தாவது கியருக்கு என்ன கதியோ அதே கதி. “நீங்க வேகன் ஆர்ல பின்னால வாங்க, சாமானெல்லாம் அதுலதானே வரோணும்” என்றாள் மனைவி. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

இன்ஷூரன்ஸ் காப்பாற்றும் என்று நம்பி அங்கேயும் போய்ப் பார்த்தேன். இங்கிலாந்தில் பதினேழு பதினெட்டு வயதுப் பையன் கார் வாங்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது வயதை. பழைய காரின் விலையைவிட ஒரு வருட பிரீமியம் அதிகமாக இருப்பது அங்கே சாதாரணம். வண்டிக்குள் ஒரு கருப்புப் பெட்டியை வைத்து, பையன் எப்படி பிரேக் பிடிக்கிறான், ராத்திரி எத்தனை மணிக்குச் சுற்றுகிறான் என்று பார்த்துக் கட்டணம் போடுகிற திட்டமும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஆசைப்பட்டவனே பிரீமியத்தைக் கேட்டு ஓடிவிடுவான். இங்கே அப்படி இல்லை. 2022-இல் அரசு அறிவித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். வித்தியாசம் எஞ்சினில். ஓட்டுகிறவனுக்கு மீசை முளைத்ததா என்பது அதில் வராது. அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி பயப்படுகிறது. இங்கே அந்த வேலையையும் சம்பளமில்லாமல் அப்பாக்களே பார்க்க வேண்டியிருக்கிறது.

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கரி ஸ்பீட்வேக்குக் கூட்டிப்போனேன். பந்தயத்தின் சத்தத்தையும் டயர் புகையையும் பார்த்தால் பயந்துவிடுவான் என்பது என் கணக்கு. பயந்தது நான். முதல் கார் கடந்தபோதே பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நல்ல மனிதர், பந்தயம் முடியும்வரை விலகவில்லை.

நடுவில் பையன், 2005-இல் இண்டியானாபோலிஸில் நரேன் நான்காவதாக வந்த கதையை எடுத்தான். இந்தக் கதை வரும்போதெல்லாம் நான் ஒரு திருத்தம் போடுவது வழக்கம்: டயர் தகராறில் மற்றவர்கள் விலகிக்கொள்ள, அன்று ஓடியது ஆறே கார்கள். இந்த முறையும் போட்டேன். “அந்த ஆறுல நீங்க இல்லீங்களே” என்றான்.

பந்தயம் முடிந்து கார்கள் நிற்கிற இடத்துக்குப் போனோம். கையெல்லாம் கிரீஸாக ஒரு மெக்கானிக், ஒற்றைச் சீட்டுப் பந்தயக் கார் ஒன்றின் பின்னால் குனிந்திருந்தார். உள்ளே என்ன எஞ்சின் என்று பையன் கேட்டான். “ஸ்விஃப்ட்” என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று பக்கத்தில் போனேன். எல்ஜிபி ஃபார்முலா 4 காரில் இருப்பது மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் எஞ்சின்தான். அதற்கும் முன்னால், எண்பதுகளின் கடைசியில், எங்கள் ஊர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைச் செய்தார். நரேன் பந்தயத்தைத் தொடங்கியது அதில்தான். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோன அந்தக் கரிவரதன் பெயரைத்தான் ஸ்பீட்வேக்கு வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அந்தப் பக்கமாகப் போய்வந்தும், கரி என்றால் நிலக்கரி சம்பந்தப்பட்டது என்றே நினைத்திருந்தேன்.

மெக்கானிக் பையனிடம் சொன்னார்: “தம்பி, பெரிய எஞ்சின்ல தப்புப் பண்ணினா காலை அமுத்திச் சரிக்கட்டிப் போடலாம். நேர் ரோட்டுல எல்லாரும் டிரைவர்தான். சின்ன எஞ்சின்ல வளைவுல வேகத்த விட்டா திருப்பி வராது. அதுல ஓட்டிப் பழகுனவன் எதுலயும் ஓட்டுவான்.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க என்னங்கண்ணா ஓட்டறீங்க?” என்றார். வேகன் ஆர் என்றேன். “மைலேஜ் என்ன தருதுங்க?” என்றார். என்னிடம் இந்தக் கேள்வியை மரியாதையோடு கேட்ட முதல் மனிதர் அவர். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பையன் வந்து இழுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வருகிற வழியில், “ஸ்விஃப்ட்டே வாங்கிக்கலாமுங்கப்பா” என்றான். இதையேதான் நான் இரட்டைக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன் என்று ஞாபகப்படுத்தினேன். கிரீஸ் இல்லாத கையால் எழுதினால் எடுபடாது போலிருக்கிறது. அவன் ஒரு நிபந்தனை போட்டான்: ஓட்டிப் பழக டிராக்கில் விடுகிற நாட்களில் பணம் கட்டி அனுப்ப வேண்டும், ஹெல்மெட் என் செலவு. ஒப்புக்கொண்டேன். பழையதாகப் பார்த்தால் பன்னிரண்டில் பாதிகூட ஆகாது என்று மனசுக்குள் கழித்துப் பார்த்த சந்தோஷத்தில் அன்று பைபாஸில் ஐந்தாவது கியரைப் போட்டேன். போகிறது, நன்றாகத்தான் போகிறது.

இளவட்டத்தின் முதல் காருக்கு என் தீர்ப்பு இது: வேகம் டிராக்கில், சின்ன எஞ்சின் ரோட்டில், ஸ்போர்ட்ஸ் கார் அவன் சம்பாதித்து வாங்குகிற காலத்தில். ஏபிஎஸ் பிரேக் எல்லாக் காருக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். பழைய வண்டி பார்க்கிறவர்கள் அந்தத் தேதிக்குப் பிந்தியதாகப் பார்ப்பது நல்லது.

வாசகர்களில் யாரிடமாவது அப்படி ஒரு ஸ்விஃப்ட் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். பெட்ரோல் வண்டி, கையால் கியர் போடுவது, முன்னால் இரண்டு ஏர்பேக் வேலை செய்ய வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால் இன்னொரு முறை வரி கட்டுகிற தொல்லை இல்லை. நிறம் பையன் சிவப்பு என்கிறான், அம்மா வெள்ளை என்கிறார். என்னை யாரும் கேட்கவில்லை. டாக்டர் வண்டியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பின்சீட்டு மட்டும் நன்றாக இருக்கட்டும். விலை பேச நான் வரமாட்டேன், என் மனைவி வருவாள்.